பதிவேட்டில் ஏறிய சிரட்டை: ஊராருக்கு ஒரு நன்றி மடல்

மண்டபம் தொடங்கித் தனுஷ்கோடி வரைக்கும், இந்தக் கோடையில் எங்களுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஜூன் 14 இரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டது. படகுகளில் ஐஸ் ஏற்றும் சத்தம் மறுபடியும் கேட்கிறது. இரண்டு மாதமாக எங்கள் ஓட்டு வீட்டுக் காட்சிக்கூடத்தில் ஆணி அடித்தவர்களும் சுவர் துடைத்தவர்களும், தெரிந்ததை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்களும் கடலுக்குப் போய்விட்டார்கள். கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிகிறது. அந்த வெறுமையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

யாருடைய பேரையும் போடவில்லை. "எம்பேரை எல்லாம் போட்றாதீங்க" என்று பாதிப் பேர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் பேரை எழுதப்போய் ஒருவர் விட்டுப்போனாலும் எனக்கு மனசு கேட்காது. செய்த வேலையைச் சொல்கிறேன். யார் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. ஒவ்வொரு கோடையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஓவியப் போட்டி, வினாடி வினா என்று நடத்திக்கொண்டிருந்தோம். இந்த மார்ச்சில் அவர் கேட்டார்: "பிள்ளைகளையே கூப்பிடுறீங்களே, 61 நாள் கரையில சும்மா உக்காரப்போறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கேட்கவில்லைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் நிற்கும் காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவது இத்தனை வருடமாக எங்கள் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கு அவர் கேட்டதில் தொடங்கியதுதான் எல்லாம்.

விசைப்படகுத் தொழிலாளிகளே, தடைக்காலம் உங்களுக்கு ஓய்வுக்காலம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வருமானம் இல்லாத காலம் அது. பகலில் படகுக்குப் பெயிண்ட் அடித்து, வலை பொத்திவிட்டுச் சாயங்காலம் வந்தீர்கள். முதல் சனிக்கிழமை என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் ஒருவர் சாக்பீஸை வாங்கித் தரையில் ஒரு கூட்டல் குறி போட்டார். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் குனிந்துவிட்டார்கள். வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் வந்தால் அப்படியே தலைகீழ். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் ஒரே ஊரின் இரண்டு வாசல்களாக இருப்பதால்தான் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் தொழில் பார்க்க முடிகிறது. எங்கள் சுவரில் அரசாங்க வரைபடம் பத்து வருடமாகத் தொங்குகிறது. அதில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று இல்லை. இப்போது அந்தச் சாக்பீஸ் கோடுகளின் மேலேயே சிமெண்டில் கீறி வைத்திருக்கிறோம். கூடத்துக்குள் வருபவர்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அடுத்து, பாசி எடுக்கும் அக்காமாருக்கு.

எங்கள் அலமாரியின் அடித்தட்டில் ஒரு துணிச் சுருள் கிடந்தது. பழைய சேலையில் கிழித்தது, உப்பேறி விறைத்துப்போனது. ஏதோ பொருளைச் சுற்றி வந்த துணி என்று நினைத்து, தூக்கிப்போடும் பெட்டியில் வைத்திருந்தேன். அந்த அக்காமாரில் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு அதைக் கையில் எடுத்தார். "இது எங்க விரல் துணில்ல" என்றார். பிறகு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டிக் காட்டினார். இரண்டு விரல் அகலத் துணி. ஆட்காட்டி விரல் நுனியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி கணு வரைக்கும் இறக்கி, கடைசி முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சு. பிறகு அடுத்த விரல். "ரொம்ப இறுக்குனா விரல் மரத்துப்போகும். தளர விட்டா ஒரே முங்குல கழண்டு கடலோட போயிரும்." பாசி பிடித்திருக்கும் பாறை கத்தி மாதிரி. மூச்சடக்கி முங்கி அதில் இருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும் கைக்கு அந்தத் துணிதான் கவசம். அந்தப் பாசியில் இருந்து எடுக்கும் அகர் என்ற உறையவைக்கும் பொருள், இனிப்புப் பண்டங்கள் முதல் ஆய்வுக்கூடங்கள் வரை போகிறது. பிய்த்த விரலைப் பற்றி எங்கள் கூடத்தில் ஒரு வரிகூட இல்லாமல் இருந்தது.

அந்த அக்காமார் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குள்ளேயே முடிவு செய்து, பாசி வளர நேரம் விடுகிறார்கள். 2015இல் பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்குக் கிடைத்த, தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது இந்த உழைப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும்தான். விருது கிடைத்தது நம் ஊரில் பலருக்கும் தெரியும். கட்டுப்பாடு தெரிந்தவர்கள் குறைவு. இனி கூடத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டையும் சேர்த்தே சொல்வோம். குப்பைக்குப் போக இருந்த அந்தச் சுருளை எடுத்துத் தந்ததற்கு, அக்கா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மே மாதத்தில் ஒரு ராத்திரி கோடைமழை காற்றோடு அடித்து, ஓடு சரிந்து, பழைய படங்கள் வைத்திருந்த அறையில் தண்ணீர் இறங்கியது. போன் செய்தது ஒரே ஒருவருக்குத்தான். கால் மணி நேரத்தில் தார்ப்பாயோடு ஏழெட்டுத் தம்பிகள் கூரை மேல் நின்றார்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களை அவசரத்தில் பிரித்து எடுக்கப் போனேன். ராமநாதபுரத்தில் இருந்து வந்து தங்கியிருந்த கல்லூரி மாணவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். காய்ந்த கையால் இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சுத்தமான தண்ணீரில் கண்ணாடியோடு அப்படியே போட்டுத் தானாக விடும் வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னார். விடிய விடியக் காத்திருந்தோம். ஒவ்வொரு படமாக விட்டு வந்ததும், வெயில் படாமல் நிழலில், முகம் மேலே பார்க்கத் தாளில் பரப்பினோம். இரண்டே இரண்டு படம்தான் போனது. அந்த மாணவிக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரயில்வே ஐயாவுக்கு நன்றி. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்ததில் இருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. புதியதில் நடுப்பகுதி மொத்தமாக மின்சாரத்தில் மேலே போகிறது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ஷெர்சர் தூக்குப்பாலத்தில் இரு பக்கமும் ஆட்கள் நின்று கம்பியைத் தள்ளிச் சுற்றி வந்தால்தான் இரண்டு இரும்புச் சிறகும் மேலே எழும். அதை வாயால் சொல்லாமல், முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, பிள்ளைகளைத் தள்ளிச் சுற்ற வைத்தார். எதிர்முனையில் மணல் மூட்டை. பத்துச் சுற்றில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. "இப்ப கப்பல் காத்துக்கிட்டு நிக்குதுன்னு நினைச்சுக்கங்க" என்றார். 1964 புயலில் பாலம் சிதைந்து, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் மறுபடி எழுந்த கதையை அன்றைக்கு அவர் சொன்னபோது ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை.

பானை ஓடு வேண்டும் என்று கேட்டதும் உடைந்த பானைகளைச் சாக்கில் கட்டி அனுப்பிய வேளார் அண்ணனுக்கும் நன்றி. வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் 1986-87 தொடங்கி 2016-17 வரை பல கட்டமாக நடந்த அகழாய்வில் ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்தன. எனக்குப் பிடித்தது கப்பல் கீறிய ஒரு பானை ஓடு. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு ஓடும் ஆணியும் கொடுத்து, நீங்கள் பார்த்த கப்பலைக் கீறுங்கள் என்றோம். ஒரு பையன் படகு போட்டு, பின்னால் இஞ்சினும் புகையும் போட்டு, அப்பாவின் படகுப் பதிவு எண்ணையும் ஒரு இலக்கம் விடாமல் கீறியிருந்தான். அந்த ஓடு இப்போது அழகன்குளத்து ஓட்டின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மே 18, உலக அருங்காட்சியக நாளுக்கு, டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப்போன வேன்காரருக்கு நன்றி. சேதுபதி அரண்மனைச் சுவர் ஓவியங்களில் தஞ்சை மராட்டியரோடு நடந்த போரையும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களையும் பார்த்துவிட்டு வந்தவர்கள், நம் வெளிச்சுவரையும் அப்படி ஆக்க வேண்டும் என்றார்கள். படகில் மிச்சமான பச்சை, நீலப் பெயிண்டைக் கொடுத்த எல்லாப் படகுக்காரர்களுக்கும் அந்தச் சுவரே நன்றி சொல்லும்.

நாற்காலி தருகிறோம் என்று சொன்ன ஒரு இடத்தில் கடைசி நாள் கைவிரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பள்ளிவாசலில் இருந்து பாய், தேவாலயத்தில் இருந்து நாற்காலி, கோயிலில் இருந்து ஜமக்காளம். கேட்டது ஒரு இடத்தில்தான். மற்ற இரண்டும் தானாக வந்தன.

பிள்ளைகள் கரையில் பொறுக்கிய பவளத்துண்டுகளைக் கூடத்துக்குக் கொடுக்க ஆசையாகக் கொண்டுவந்தபோது, வனத்துறையில் இருந்து வந்தவர் அதட்டாமல் உட்கார்ந்து பேசினார். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி பவளம் செத்தது என்றாலும் எடுக்கக்கூடாது, நாமும் வைத்துக்கொள்ளக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் அலையைத் தடுத்து நிற்பது அந்தப் பவளப்பாறைகள்தான் என்று விளக்கினார். பாவாடை கட்டிய ஒரு சின்னப்பிள்ளை மட்டும் அழுதது. கொடுப்பதற்கு முன் வரைந்துகொள் என்று அவரே பென்சிலைக் கொடுத்து, அது வரைந்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தார். படம் சுவரில் இருக்கிறது. ஐயா, நீங்கள் அவசரப்படாமல் இருந்ததை மறக்க மாட்டேன்.

சரி, தனுஷ்கோடி இரவுக்கு வருகிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு அங்கே இருந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். புயலைப் பற்றி, கடல் கொண்டுபோன ரயிலைப் பற்றி, அவர்களிடம் வருபவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு முற்றத்தில் விளக்கைக் குறைத்து வைத்து, உங்களுக்கு எதைச் சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டோம். அப்போது எட்டு வயதாக இருந்த அப்பத்தா ஒருவர் புயலை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மீதி நேரம் முழுக்கத் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார். "ஊத்து எல்லாம் உப்பாப் போச்சு. எங்கம்மா மணலைத் தோண்டுறா, நக்கிப் பாக்குறா, துப்புறா. இன்னொரு எடத்துல தோண்டுறா." பேசிக்கொண்டே மடியில் இருந்து ஒரு சிரட்டையை எடுத்து வைத்தார். பழையது இல்லை. இன்றைக்கும் தம்பி குடிசைக்குப் போனால் அதில்தான் தண்ணீர் மொள்கிறாராம். "இதெல்லாம் நீங்க வைப்பீங்களா தம்பி?"

தனுஷ்கோடி மணலில் கையளவு ஆழத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் கடல்தண்ணீரைவிட எடை குறைவு. மணலுக்குள் உப்புத்தண்ணீரின் மேல் ஆடை மாதிரி மிதந்து நிற்கும். வாளியை இறக்கினால் அடி கலங்கி உவர்ப்பேறும். சிரட்டை என்றால் மேலாக, மெல்ல, அடியைத் தொடாமல் மொள்ளலாம். இதை அன்று கூட்டத்தில் இருந்த இயற்பியல் ஆசிரியர் விளக்கியபோது அப்பத்தா தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஆசிரியர் சொன்னதில் அவருக்குப் புதிதாக எதுவும் இல்லை.

எங்கள் பதிவேட்டை எழுதித்தரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெண்கல விளக்குக்கே இரண்டு வரிதான் எழுதுவார். சிரட்டைக்கு ஒன்பது வரி எழுதினார். எண், தேதி, அளவு, எதற்குப் பயன்பட்டது, எப்படிப் பிடிக்க வேண்டும், கொடுத்தவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே. எழுதி முடித்து அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினார். "நக்கிப் பாக்குறா"வுக்கு முன்னால் அம்மாவின் பேரைச் சேர்க்கச் சொன்னார் அப்பத்தா. சேர்த்தார்.

சாப்பாடு போட்ட மகளிர் குழுவுக்கும், நுங்கு சீவித் தந்த பனங்காட்டு அண்ணனுக்கும், ஆட்டோவுக்குக் காசு வாங்காதவருக்கும், தினமும் கடைசியாக விளக்கணைத்துப் பூட்டிய பிள்ளைகளுக்கும் நன்றி.

நனைந்து காய்ந்த படங்களில் பதினோரு படத்துக்கு இன்னும் ஆள் தெரியவில்லை. ஒன்றில் ரயில் நிலைய மேடையில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு அம்மா நிற்கிறார்; பின்னால் பலகையில் 'கோடி' என்பது மட்டும் தெரிகிறது. எல்லாவற்றையும் வாசல் பக்கத்தில் கயிற்றில் மாட்டியிருக்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒருநாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆறு மணிக்கு மேல்தான் வெயில் தாழும், திண்ணையில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
காட்சிக்கூடப் பொறுப்பாளர்