மொரிஸின் சிவப்பு லைற்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. பதில் பிந்தினதுக்கு என் மொரிஸ் மைனர் கார்தான் காரணம்.

போன வெள்ளி கோணேசர் கோயிலால் திரும்பும்போது சார்ஜ் லைற், அதுதான் பற்றரிக்குக் கரண்ட் ஏறாவிட்டால் எரியும் அந்தச் சிவப்பு லைற், ஒரு புதுக்கூத்து காட்டியது. நின்ற இடத்தில் எரிந்தது, கொஞ்சம் மிதிக்க அணைந்தது. உவர்மலை ஏற்றத்தில் நன்றாக மிதித்தால் திரும்பவும் எரிந்து, வேகம் கூடக்கூட இன்னும் பளிச்சென்றது. மறுநாள் பற்றரி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெடியன்கள்தான் தள்ளிவிட்டார்கள்.

கராஜில் எட்டிப் பார்த்த உடனேயே, "டைனமோ முடிஞ்சுது ஐயா, ஆல்ற்றனேற்றர் போடுவம்" என்றார்கள். எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலை செய்யும் புதுமாதிரிச் சாமானைப் போடவாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த லைற்றின் ஒரு பக்கம் பற்றரி, மறுபக்கம் டைனமோ. இரண்டு பக்கமும் சமனானால் அணையும். பிறகும் எரிகிறதென்றால் டைனமோ பக்க வோல்ட் பற்றரியைத் தாண்டிவிட்டது. செத்த டைனமோ அப்படித் தாண்டுமா?

வீட்டுக்கு வந்து டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, அதில் டி, எஃப் என்று இருக்கும் இரண்டு முனைகளையும் சின்ன வயரால் இணைத்தேன். எங்கள் கார் பொசிற்றிவ் ஏர்த் அல்லவா, பற்றரியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடியில் பூட்டியிருக்கும், அதனால் மீற்றரின் சிவப்பு வயர் எஞ்சின் உடம்பில், கறுப்பு டைனமோவில். மெல்ல ரேஸ் பண்ண முள் 10, 14, 18 வோல்ட் என்று ஏறியது. அதோடு நிறுத்திவிட்டேன். டைனமோ கல்லுப்போல இருக்கிறது!

மிச்சம், டைனமோவின் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் லூக்காஸ் கொன்ட்ரோல் பொக்ஸ். மூடியைத் திறந்தால், மூடித் திறக்கும் பொயின்ற்கள் சுத்தம். ஆனால் ஈ முனையிலிருந்து பொடிக்குப் போகும் கறுப்பு வயரின் ஸ்குரூவில் பச்சையும் துருவும் பூத்துக் கிடந்தது. கடற்கரையில் கார் வைத்திருப்பவனுக்கு வேறென்ன வரும்? அந்த ஏர்த் இல்லாவிட்டால் டைனமோவைப் பற்றரியோடு இணைத்துவிடும் கட்-அவுட் சுருளுக்கு உயிரில்லை. பொயின்ற் மூடாது, பற்றரிக்குக் கரண்ட் போகாது, டைனமோவைக் கட்டுப்படுத்தவும் ஆளில்லை.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, சாண்ட் பேப்பரால் இரும்பு மின்னத் தேய்த்து, கிறீஸ் தடவி முறுக்கினேன். பிறகு பற்றரியில் பார்த்தால் 14 வோல்ட்டுக்குக் கிட்ட. செலவு ஒரு துண்டு சாண்ட் பேப்பர்.

உன் கேம்பிரிட்ஜ் காரிலும் லைற் மினுங்குகிறது என்று எழுதியிருந்தாயே. டைனமோவைக் கழற்ற முதல் அந்த ஸ்குரூவைப் பார். பெல்ற்றையும் ஒருக்கா அமத்திப் பார், தொய்ந்திருந்தாலும் லைற் மினுங்கும்.

சரி, எப்போது இந்தப் பக்கம் வருகிறாய்? கச்சான் காற்று அடங்கட்டும், கன்னியா வெந்நீரூற்றுக்கு மொரிஸிலேயே போவோம். வரும்போது பனங்கட்டி மறந்துவிடாதே.

உன்,
திருமலை மச்சான்