'ஓடிபியைச் சொல்லாதீர்கள்' என்பது பாதிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வேலூர் பக்கத்தில் ஓடிபி மோசடிச் செய்தி அடிக்கடி வருகிறது. எல்லாமே 'ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்' என்ற அறிவுரையோடு முடிகின்றன. அறிவுரை சரியானதுதான். ஆனால் அந்த ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது, எந்தக் கணக்குக்கு அப்படி ஒன்று கேட்கப்படுவதே இல்லை என்பதை யாரும் எழுதக் காணோம். குடியாத்தத்தில் பல வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்தி வருகிறேன். தினமும் கண்ணெதிரே பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

கார்டு நம்பர் போட்டு ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கொண்டுவந்துவிட்டது. அதனால் பேங்க் விஷயத்தில் நாம் கேட்காமலே அந்தக் காவல் கிடைத்தது. ஜிமெயிலுக்கு? கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டுதான், அதுவும் பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். நீட் விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி பதிவு, கல்லூரிச் சேர்க்கை என்று எல்லாவற்றுக்கும் அந்த மெயில் ஐடியைத்தான் கொடுத்திருப்பார்கள். பல தளங்களில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புது பாஸ்வேர்டு வைப்பதற்கான லிங்க் போவதும் அந்த மெயிலுக்கே. மெயில் ஒருவன் கையில் சிக்கினால் மற்றவையும் அவன் கைக்குப் போய்விடும். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு கோடும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை முதலில் போட வேண்டிய இடம் அதுதான்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் தொழிலில் இருப்பவர்களே தயங்குகிறோம். விண்ணப்பம் போடும் கடைசி நாள், கடையில் கூட்டம், பிள்ளைக்கு மெயில் ஐடி கிடையாது. உடனே சென்டர்காரர் ஒரு ஐடியை உருவாக்கி, தன் போன் நம்பரையே கொடுத்து வேலையை முடித்து அனுப்பிவிடுகிறார். அவசரத்துக்குச் செய்த உதவிதான். ஆனால் அந்தக் கணக்கின் சாவி அன்றிலிருந்து கடையில் இருக்கிறது. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை தன் அப்பாவோடு என் கடைக்கு வந்தாள். கவுன்சலிங் நடந்துகொண்டிருந்த நேரம். மெயிலைத் திறக்கப் போனால், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டி அந்த எண்ணுக்கு கோட் அனுப்பியிருப்பதாகத் திரையில் வருகிறது. அது அவர்கள் வீட்டில் யாருடைய எண்ணும் இல்லை. வேறு ஊரில் ஒரு சென்டரில் போட்ட ஐடி. அந்தக் கடையோ மூடியாகிவிட்டது. அந்த அப்பா தன் பட்டன் போனை எடுத்து, மெசேஜ் வருமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'உங்களுக்கு வராதுங்க' என்று எப்படிச் சொல்வது?

அதனால் என் முதல் வேண்டுகோள்: விண்ணப்பம் போட வருகிறவர்கள் சொந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் வருடக்கணக்கில் கையில் இருக்கப்போகிற எண்ணை. ஆஃபருக்காக சிம் மாற்றும் பழக்கம் ஆம்பூர் ஷூ கம்பெனிப் பிள்ளைகள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை எல்லோரிடமும் இருக்கிறது. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத பிரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். சிறிது காலம் கழித்து அது இன்னொருவருக்குப் போகும். உங்கள் கணக்கின் ஓடிபியும் அவருக்கே போகும்.

அடுத்து, எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாமல், அந்தக் கோடைப் போனிலேயே உருவாக்கிக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன். கூகுளுடையது, மைக்ரோசாஃப்டுடையது இரண்டுமே இலவசம். கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் போனால் இருபடிச் சரிபார்ப்பு இருக்கும். அங்கே ஆத்தென்டிகேட்டரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு க்யூஆர் கோட் வரும். அதை ஆப்பால் ஸ்கேன் செய்து, ஆப் காட்டும் ஆறு இலக்கத்தைத் திரும்ப அடித்தால் வேலை முடிந்தது. பலர் இங்கேதான் திணறுகிறார்கள்: க்யூஆர் கோட் வருவதும் கையிலிருக்கும் அதே போனில்தான், அதை எப்படி ஸ்கேன் செய்வது? ஸ்கேன் செய்ய முடியவில்லை என்ற இணைப்பை அழுத்தினால் ஒரு நீளமான எழுத்துச் சாவி கிடைக்கும். அதை நகலெடுத்து ஆப்பில் ஒட்டினால் போதும்.

இந்த ஆப்புக்கு சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஸ்கேன் செய்தபோது வந்த ரகசியச் சாவியையும் அந்த நேரத்து மணியையும் வைத்து போனே எண்ணைக் கணக்கிடுகிறது. அந்தப் பக்கம் இணையதளமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்தில் ஆள் நிறைய இருக்கும் ஊர்க்காரர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன். எல்லையில் டவர் இல்லாத இடத்தில் இருப்பவருக்கு எஸ்எம்எஸ் வந்து சேருமா? ஆப் வீட்டில் மனைவியின் போனிலும் இருந்தால், அவர் கணக்கைத் திறக்க கணவர் கோடைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. சாவியைப் போடும்போதே இரண்டு பேர் போனிலும் ஸ்கேன் செய்துகொள்ளலாம், இரண்டிலும் ஒரே எண்தான் வரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் போல போன் மணியையும் ஐந்து நிமிடம் கூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மணி தப்பாக இருந்தால் எண்ணும் தப்பாகப் போய், தளம் ஏற்காமல் போகலாம். தேதி, நேரத்தைத் தானியங்கியிலேயே விட்டுவிடுங்கள்.

போன் தொலைந்தால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பலர் இதைப் போடுவதில்லை. அதற்குத்தான், போன் கையில் இல்லாதபோது அடிப்பதற்கென்று கூகுள் பத்து பேக்கப் கோடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் பயன்படும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனின் கேலரியில் வைப்பதால் என்ன பயன்? தாளில் எழுதி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பையில் போடுங்கள். அப்புறம், பழைய போனை விற்பதற்கு முன்னால் ஆப்பைப் புதுப் போனுக்கு மாற்றிவிட வேண்டும்.

எங்களைப் போன்ற கடைகளின் கம்ப்யூட்டரில் மெயில் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட் கேட்கும் பக்கத்தில் 'இந்தச் சாதனத்தில் மீண்டும் கேட்க வேண்டாம்' என்ற வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்யுங்கள். கடைக்காரர் நல்லவரா என்ற கேள்வியே இங்கே வேண்டாம், அந்த நாற்காலியில் உங்களுக்குப் பின் உட்காரப்போவது யார் என்று அவருக்கும் தெரியாது.

வாட்ஸ்அப்பிலும் கணக்கு அமைப்புகளில் இதே வசதி இருக்கிறது. ஆறு இலக்க பின் ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாம். வெரிஃபிகேஷன் கோடை யாராவது ஏமாற்றி வாங்கிவிட்டாலும் அந்த பின் இல்லாமல் நம் எண்ணில் வாட்ஸ்அப்பை உடனே திறந்துவிட முடியாது. இத்தனையும் செய்தாலும் போலித் தளத்தில் போய் நாமே கோடை அடித்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. முகவரியைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விண்ணப்பக் காலம் தொடங்கும் முன் ஒரு பாடவேளை ஒதுக்கி, சொந்த மெயில் ஐடியும் இருபடிச் சரிபார்ப்பும் போட வைக்கலாம். பேக்கப் கோடை அங்கேயே நோட்டில் எழுதச் சொல்லலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டக் கல்வி அதிகாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். பத்திரிகையும் மோசடிச் செய்தியின் கீழ் 1930-ஐப் போடும்போது, இருபடிச் சரிபார்ப்பைப் போடும் முறையையும் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதை வெட்டி எடுத்து என் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் உரிமையாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.