நிறுவன அட்டைகளுக்குக் காவல் வேண்டும்

ஆசிரியருக்கு,

நிறுவனச் செலவுக்காக ஊழியர்களிடம் தரப்படும் வங்கி அட்டையில் மோசடி என்றாலே 'ஓடிபியைச் சொல்லாதீர்கள்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அது போதாது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைக்கும் மோசடிக்காரர் அட்டையின் கடைசி 4 எண்களைச் சரியாகச் சொல்வார். கைபேசித் திரையில் வங்கியின் எண்ணே தெரியும். இரண்டையும் நம்ப முடியாது. அந்த 4 எண்கள் ரசீதுகளிலேயே இருக்கின்றன. அழைப்பு எண்ணைப் போலியாகக் காட்டவும் முடியும். பேச்சைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நாமே பேசுவதுதான் சரி.

நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒரே அட்டையின் விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோரும் பயன்படுத்துவது உடனே நிற்க வேண்டும். ஊழியருக்குத் தனி அட்டை, அதற்கொரு செலவு வரம்பு, ஒவ்வொரு செலவுக்கும் உடனடிக் குறுஞ்செய்தி என்று வைத்தாலே இழப்பு பெருமளவு குறையும். மின்னஞ்சலில் 'முதலாளி' அவசரமாகப் பணம் கேட்டால், நேரில் கேட்டு உறுதிசெய்யும் உரிமை கடைநிலை ஊழியருக்கும் இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஏமாந்த ஊழியர், வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறார். திருடனுக்கு அந்த நேரம்தான் தேவை. விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அட்டையை முடக்கட்டும்.

கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்