முதலில் ஸ்லைடர், அப்புறம் பம்பர்: அக்கா மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உன் ஹைலக்ஸ் விகோ பிக்கப் வண்டிக்கு முன்னால் கனமான தகட்டு பம்பர், இரண்டு பக்கமும் கூர்மையான மூலை, நடுவில் வின்ச் (சேற்றில் மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் இயந்திரம்). சான் சோவ் லின் பக்கம் ஒரு பட்டறையில் விலையும் கேட்டுவிட்டாய் என்று அக்கா சொன்னாள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. இதே யோசனையில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஸ்லைடரைச் செய், அதாவது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புக் குழாய்க் காப்பு. பம்பர் பிறகு.

நாம் போகிற காட்டுப் பாதை அப்படி. உலு லங்காட், ஜண்டா பாயிக் பக்கமெல்லாம் செம்மண், மழை, வண்டிகள் போய்ப் போய் ஆழமான தடம். அங்கே வண்டி நேராகப் போய் முட்டுவது குறைவு. பக்கவாட்டில் வழுக்கி, வேரிலோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலோ போய் உட்காருவதுதான் அதிகம். அப்போது மொத்த எடையும் கதவுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தகட்டில் இறங்கும். பம்பர் நசுங்கினால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். கதவடித் தகடு பாடியின் ஒரு பகுதி. அது உள்ளே போனால் கதவு சாத்தாது, வெட்டி, வெல்டிங் வைத்து ஒட்டுவதைத் தவிர வழி கிடையாது.

ஸ்லைடரைச் சேசிஸில்தான் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பிடிக்க வேண்டும், பாடியில் ஒரு இடத்திலும் தொடக்கூடாது. ஹைலக்ஸின் பாடி ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், பாடி அதே அளவு முறுக்கிக்கொள்ளாது. இரண்டையும் தொடுகிற மாதிரி இரும்பை வைத்தால் அந்த அசைவு முழுக்கப் பாடித் தகட்டைத்தான் கிழிக்கும். இடையில் 25 மி.மீ. இடைவெளி விடு. எடையை ஏற்றி ஜேக்கில் தூக்கும்போது ஸ்லைடர் கொஞ்சம் வளையும், அதற்கும் இந்த இடம் வேண்டும்.

குழாய்க்கு ஒன்றரை அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) கறுப்புப் பைப் போதும். பெயர் ஒன்றரை அங்குலம் என்றாலும் வெளி விட்டம் 48.3 மி.மீ., சுவர் 3.68 மி.மீ. மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ. இரண்டு நீளக் குழாய், நான்கு கால், அடித்தகடு எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 25 கிலோவுக்குள் முடித்துவிடலாம். வெளிக்குழாயை 15 டிகிரி அளவுக்கு மேல்நோக்கித் தூக்கி வை. மரத்தில் சாயும்போது கதவுக்கு முன்னால் அதுதான் போய் நிற்கும். முன் முனையை உள்பக்கமாகச் சாய்த்து மூடிவிடு, இல்லையென்றால் வேர் அதில் மாட்டிக்கொள்ளும். ஏறி இறங்க வசதி என்று புள்ளி தட்டிய படித்தகடு வைத்துத் தருகிறேன் என்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, சேறு முழுக்க அதில்தான் தங்கும்.

கால்களைச் சேசிஸில் எப்படிப் பிடிப்பது என்பதில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். குழாயை நேராகச் சேசிஸில் வைத்து ஒட்டினால் அடி முழுவதும் குழாயின் விளிம்பு அளவு இடத்தில் இறங்கி, சேசிஸ் சுவர் குழிந்துவிடும். நடுவில் 6 மி.மீ. தகடு வை. குழாயைவிட நன்றாகப் பெரியதாக, மூலைகளை உருட்டி. அந்தத் தகட்டை ஒட்டும்போது நீளவாக்கில் மட்டும் ஒட்டு. சேசிஸின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஒட்டினால், பிற்காலத்தில் விரிசல் அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கும். போல்ட் போட நினைத்தால் இன்னொன்று கவனி: சேசிஸ் உள்ளே காலியான பெட்டி. அதில் போல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும். உள்ளே ஒரு குழாய்த்துண்டு சொருகி, அதன் வழியாகப் போல்ட்டை விட வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்று. எர்த் கிளாம்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடி. சேசிஸின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார், பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் அதையொட்டித்தான் ஓடும்.

அப்புறம் குழாய் சேரும் வாய். ஒரு குழாய் இன்னொன்றின் வளைவில் போய் உட்கார, முனையை மீன் வாய் மாதிரி வெட்ட வேண்டும். தாளைக் குழாயில் சுற்றி, கோடு வரைந்து, 4 அங்குல கிரைண்டரில் வெட்டு. வெட்டியதும் வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரிகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய். வெல்டிங் கம்பியின் தடிமனைவிட அதிகமாக இடைவெளி இருந்தால் ஒட்டாதே, திரும்பத் தேய். இடைவெளியை வெல்டால் நிரப்பினால் மேலே அழகாக இருக்கும், ஆனால் அடிபட்டால் தாங்காது. முதலில் எல்லா இடத்திலும் டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) மட்டும் போட்டு, வண்டியில் மாட்டி, கதவைத் திறந்து மூடிப் பார். பிறகு ஒரு விரல் நீளம் இங்கே, ஒரு விரல் நீளம் எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி ஒட்டு. வெல்ட் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் ஸ்லைடர் வளைந்து நிற்கும். தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் இருந்த காலத்து ஜி-கிளாம்புகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, எடுத்துக்கொள்.

விலை குறைவு என்று துத்தநாகம் பூசிய கல்வனைஸ் பைப் வாங்கிவிடாதே. துத்தநாகப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்பாதே.

இனி பம்பர். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு, 7.85 கிலோ. உன் படத்தில் இருப்பது ஒன்றேகால் சதுர மீட்டராவது வரும். 5 மி.மீ. என்றால் 49 கிலோ, 3 மி.மீ. என்றால் 29 கிலோ. இரும்புக் கயிறு வைத்த 9,500 பவுண்டு இழுவைத் திறன் உள்ள வின்ச் 40 கிலோ அளவில் இருக்கும். இத்தனையும் முன் சக்கரத்துக்கு முன்னால் தொங்கப் போகிறது. ஸ்பிரிங் இறங்கும், பிரேக் போட்டால் மூக்கு குனியும். 3 மி.மீ. தகட்டை மடித்து, பின்னால் கஸட் (முக்கோணத் தாங்குத் தகடு) வைத்தால் தட்டையான 5 மி.மீ. தகட்டைவிட விறைப்பாக நிற்கும். மைலோ அட்டைப் பெட்டியை வெட்டி, டேப் ஒட்டி, வண்டியில் வைத்துப் பார்த்த பிறகே தகட்டைத் தொடு.

இழுக்கும் கொக்கியில் மட்டும் எடையைப் பார்க்காதே. 20 மி.மீ. தகடு, பம்பருக்குள் நுழைந்து, பின்னால் சேசிஸில் பிடிக்கும் தகட்டோடு சேர வேண்டும். முக்கால் அங்குல ஷேக்கலின் (கயிறை மாட்டும் U வடிவ இரும்பு வளையம்) குறுக்கு ஆணி 22 மி.மீ., துளை அதற்கு மேல் கொஞ்சம். 4.75 டன் என்று அச்சுக் குத்தியதைத்தான் வாங்கு. பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கு இருக்கும் டோ பாலில் (இரும்புக் குண்டில்) மட்டும் இழுகயிறை மாட்டவே மாட்டாதே. அது பிய்ந்து பறந்து ஆள் செத்திருக்கிறார்கள்.

கூர்மையான மூலைகளை விட்டுவிடு. இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். உன் வண்டி மாதத்தில் ஓரிரு நாள் காட்டில் இருக்கும், மற்ற நாளெல்லாம் ஜாலான் ஈப்போ நெரிசலில் அவர்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கம்பெனி பம்பர் அடிபட்டால் நசுங்கிக் கொடுக்கும், 5 மி.மீ. தகடு கொடுக்காது. ஏர்பேக் சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதன் முன்னால் குறுக்கே எதையும் வைக்காதே. வண்டியின் அமைப்பை மாற்ற ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும். வரைபடத்தோடு போய்க் கேட்டுவிட்டு, இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிட்டு அப்புறம் வெட்டு.

பெயின்ட்டுக்கு பவுடர் கோட்டிங் வேண்டாம். ஸ்லைடர் உரசுவதற்கென்றே இருப்பது. பவுடர் கோட்டிங் ஒரு இடத்தில் உரிந்தால் தண்ணீர் அதன் அடியில் புகுந்து, நம்ம ஊர் மழைக்கு மறைவாகவே துருப்பிடிக்கும். துத்தநாக பிரைமர், மேலே சாதாரணக் கறுப்பு, உரசிய இடத்தில் திரும்பத் திரும்ப நீயே அடித்துக்கொள். குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை போடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி எடுத்து வா, அடிப்பாகத்தில் சேறு இருந்தால் அளக்க முடியாது. அந்தப் பட்டறைக்காரரிடம் முன்பணம் பிறகு தருகிறேன் என்று சொல்லிவிடு. மாட்டி முடித்து முதல் தடவை காட்டுக்குப் போய் வந்ததும் எல்லாப் போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும், அதற்கும் ஒரு நாள் ஒதுக்கி வை.

அன்புடன்,
மாமா
செந்தூல், கோலாலம்பூர்