சித்தப்பா, ஒரு நாள் மட்டும் ஓட்டல் இட்லி வேண்டாம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வியட்நாம் டூரில் சமையல்காரரையும் கூடவே அழைத்துப் போகிறார்கள், காலையில் இட்லி பொங்கல் எல்லாம் கிடைக்கும் என்று போனில் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள். நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். மெகாங் ஆற்றுப் பக்கம் ஒரு ராத்திரி சா டெக்கில் தங்கல் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு காலை மட்டும் இட்லியைச் சமையல்காரரிடமே விட்டுவிட்டு, ஐந்தரை மணிக்கெல்லாம் கிளம்பி ஊர்ச் சந்தைக்குப் போய்விடுங்கள். எப்படியும் ஐந்து மணிக்கு எழுந்து எல்லோரையும் எழுப்புகிறவர்தானே நீங்கள்.

சா டெக் ஹோ சி மின் நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 140 கிலோமீட்டர். பெரிய ஊர் இல்லை. டூர்க்காரர்கள் அங்கே பூந்தோட்டங்களையும், 1895இல் கட்டிய, ஹுயின் துய் லே வீடு என்ற சீன வியாபாரிக் குடும்பத்தின் வீட்டையும் காட்டுவார்கள். இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவை மத்தியானமும் அங்கேயேதான் இருக்கும். சந்தைச் சாப்பாடு அப்படி இல்லை. ஒரு அம்மா ஒரு அண்டா நிறைய ஒரே ஒரு பண்டத்தைச் செய்துகொண்டு வந்து உட்காருவார். அண்டா காலியானதும் எழுந்து போய்விடுவார். எட்டு, எட்டரைக்குப் போனால் நல்ல கடைகளில் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்க்கலாம். அந்த ஊரில் காலைச் சாப்பாட்டை வெளியே முடிப்பது வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூலிக்காரர்கள், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டும் பாட்டிகள் என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள்.

முதலில் ஹூ தியூ சாப்பிடுங்கள். எலும்பு வேகவைத்த தெளிந்த சாறில் அரிசி நூடுல்ஸ், மேலே பன்றிக்கறித் துண்டு, ஈரல், வறுத்த பூண்டு, வெங்காயத்தாள். தென் சீனாவின் தியோச்சூ பகுதியிலிருந்து வந்த சீனர்கள் கொண்டுவந்த பண்டம் இது. தெற்கு வியட்நாம் முழுக்கக் கிடைத்தாலும் சா டெக்கில் சாப்பிடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அரிசி மாவுதான் இந்த ஊரின் பழைய தொழில். அரிசியை ஊறவைத்து, அரைத்து, மாவைப் படியவிட்டு, நீரை வடித்துக் காயவைப்பார்கள். அதில் மிஞ்சும் கழிவு பன்றிகளுக்குத் தீனி. மாவு அரைக்கும் வீட்டில் பன்றியும் வளரும். ஆக, கிண்ணத்தில் இருக்கும் நூடுல்ஸும் அதன் மேல் இருக்கும் கறியும் ஒரே தொழிலிலிருந்து வந்தவை. மீ தோ ஊரின் நூடுல்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், மெல்ல வேண்டும். சா டெக் நூடுல்ஸ் பால்வெள்ளை, மெத்தென்று இருக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். சாறைத் தனியாக வைத்து, நூடுல்ஸை ஒரு குழம்பில் பிரட்டித் தரும் 'உலர்ந்த' வகையும் உண்டு. இரண்டு பேர் போனால் ஆளுக்கு ஒன்று வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பன்றியா என்று தயங்காதீர்கள். குடகில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் நீங்கள், அது சித்திக்கும் தெரியும். வேண்டாமென்றால் விரால் மீனும் மஞ்சளும் போட்ட புன் கா என்ற நூடுல்ஸ் இருக்கிறதா பாருங்கள். வாசனையிலேயே உங்களுக்குப் பழகிய மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம். கிண்ணத்தோடு ஒரு தட்டு பச்சைத் தழை வரும். அதை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், பாதிச் சாப்பாடு அதுதான். முளைகட்டிய பயறு, துளசி வகை ஒன்று, விளிம்பில் பல் பல்லாக இருக்கும் நீள மல்லி, சில சமயம் மெல்லிசாகச் சீவிய பச்சை வாழைப்பூ. கையால் கிள்ளிச் சூடான சாறில் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகாய் சேர்த்து உங்கள் ருசிக்குக் கொண்டுவர வேண்டும். சமைத்தவர் முக்கால்வாசி முடித்துக் கொடுப்பார், மீதி உங்கள் பொறுப்பு. மீன் வாடை அடிக்கும் இதய வடிவ இலை ஒன்றும் தட்டில் இருக்கலாம். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வெள்ளக் காலத்தில், அதாவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, சந்தையில் மஞ்சள் மஞ்சளாகக் கூடை கூடையாக ஒரு பூ இருக்கும். நம் அகத்தியின் சொந்தக்காரச் செடி அது, சாறிலும் புளிக் குழம்பிலும் போடுவார்கள். நிஜ அகத்திப்பூவையே புளிக் குழம்பில் போடுவதும் உண்டு. கொல்லையில் அகத்தி வளர்க்கும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரைக்கால்காரரான உங்களுக்கு, ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயரான சைகோன் புதிய பெயர் இல்லை. இரண்டு ஊரையும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் அங்கே போனார்கள். ஹோ சி மின் நகரத்தின் மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாம்காரர்கள் ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்ட கோழிக் கறி ஒன்று செய்து பிரெஞ்சு ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். மசாலாத் தூள் என்னவோ நம்முடையதுதான், காரம் மட்டும் சுத்தமாக இல்லை. கண்ணில் பட்டால் ஒரு வாய் பாருங்கள், ஆனால் அதற்காக ஹூ தியூவை விட்டுவிடாதீர்கள்.

சைவமான சித்திக்கு என்ன என்று கேட்பீர்கள். நூக் மாம் என்கிற மீன் சாறு எதில் இருக்கும், எதில் இருக்காது என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். அதனால் இனிப்புப் பக்கம் போவதே பத்திரம். தேங்காய்த் துருவல், எள், சர்க்கரை தூவி வாழை இலையில் பொட்டலம் கட்டித் தரும் ஒட்டரிசிச் சோறு கிடைக்கும், பெயர் சோய். கறி போட்ட சோயும் உண்டு, கையைக் காட்டிப் பார்த்து வாங்குங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பௌத்தர்கள் நிறைய பேர் சைவம்தான். அன்றைக்கு 'சாய்' என்று சொன்னால் சைவக் கடையைக் காட்டிவிடுவார்கள்.

காபியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸுக்கு மேல் சின்ன பில்டர் உட்காரவைத்துச் சொட்டுச் சொட்டாக இறங்கும். அடியில் கெட்டியான டின் பால், அப்புறம் ஐஸ். ரொபஸ்டா கொட்டை, கருகக் கருக வறுத்தது. நம் டிகிரி காபி நாக்குக்கு முதல் வாய் முரடாகத்தான் இருக்கும். நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, ஐஸ் கரையும் வரை பொறுத்துக் குடியுங்கள்.

விலை ஒன்றும் பயமில்லை. ஒரு கிண்ணம் 30,000, 40,000 டாங் என்பார்கள், நம் காசுக்கு நூறு, நூற்றைம்பதுக்குள். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம், அரை இருட்டில் மாறிப்போகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் முழங்கால். தெருவோரக் கடைகளில் முக்காலி ஒரு சாண்தான் உயரம், உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். சந்தைக்குள் எவர்சில்வர் மேஜையும் சாதாரண நாற்காலியும் போட்ட கடையாகத் தேடிப் பாருங்கள். பஸ் எட்டரைக்குத்தானே? தாராளமாக இரண்டு கிண்ணத்துக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்