ராத்திரி ஒரு சொட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

“பார்வை நல்லாத்தானே இருக்கு, வலியும் இல்லை, அப்புறம் எதுக்குப்பா ஆயுசுக்கும் மருந்து?” என்று கேட்டாய். டாக்டர் சொன்ன கிளாகோமா, அதாவது கண் அழுத்த நோய், போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, கருவிழி ஓரத்துச் சல்லடை வழியாக வடியும். கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பு இழை இழையாகக் கெடும். பெரும்பாலும் முதலில் குறைவது ஓரப் பார்வை. ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடுவதால் தெரியவே தெரியாது. கடைசி வரி வரை எழுத்தைப் படிப்பவருக்கும் நரம்பு நிறையக் கெட்டிருக்கலாம். போனது திரும்பாது; மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

உன் கண் அழுத்தம் 26 என்று வந்தது பற்றி: வழக்கமான அளவு 10 முதல் 21. ஆனால் கருவிழி தடிமனாக இருந்தால் கருவி கூட்டிக் காட்டும், மெல்லிசாக இருந்தால் குறைத்துக் காட்டும். 21க்குக் கீழேயே நரம்பு கெடுபவர்களும் உண்டு. அதனால் தடிமன் அளந்தார்களா, கோனியோஸ்கோபி லென்ஸ் வைத்து வடிகாலைப் பார்த்தார்களா என்று கேள். ஓரப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட் முதல் தடவை பலருக்கும் தாறுமாறாகத்தான் வரும். பயப்படாதே, மறுபடி எடுக்கச் சொல்.

இனி உன் சொட்டு மருந்து லட்டனோபிராஸ்ட். பெரும்பாலும் மருந்து தோற்பதில்லை, போடும் விதம்தான் தோற்கிறது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்று, கையைக் கழுவு. தலையைச் சாய்த்துக் கீழ் இமையை இழுத்தால் சின்னப் பை மாதிரி விரியும். அதில் ஒரே சொட்டு. பாட்டில் நுனி எதிலும் படக் கூடாது. கண் கொள்வதே ஒரு சொட்டுக்கும் குறைவு, இரண்டாவது கன்னத்துக்குத்தான். கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை 2 நிமிடம் விரலால் அழுத்து. தொண்டையில் கசந்தால் மருந்து மூக்கு வழியே இறங்கிவிட்டது என்று அர்த்தம். வழிந்ததைத் துடை, இல்லாவிட்டால் இமைத் தோல் கறுக்கும். லென்ஸ் 15 நிமிடம் கழித்து. ஒரு ராத்திரி மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதே. திறந்த தேதியை பாட்டிலில் எழுதி, 4 வாரத்தில் தூக்கிப் போடு, மருந்து மிச்சம் இருந்தாலும்.

கொஞ்சம் சிவக்கும், இமைமுடி நீளும். அதற்காக நீயாக நிறுத்தாதே. டிமோலால் என்ற இன்னொரு சொட்டு மருந்தைச் சேர்த்தால் உனக்கு வீசிங் உண்டு என்பதை முதலில் சொல், மூச்சை இழுத்துவிடும். குழந்தைக்குத் திட்டமிட்டால் அதையும் முன்கூட்டியே சொல். சொட்டு மருந்து ஒத்துவராவிட்டால் எஸ்எல்டி என்ற லேசர் இருக்கிறது, சில நிமிட வேலை. இப்போது சிலருக்கு அதையே முதலில் செய்கிறார்கள். கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வேலை மட்டும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அழுத்தம் இன்னும் ஏறும்.

தம்பியையும் பரிசோதிக்கச் சொல். கூடப் பிறந்தவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது கணக்கில்லை. மருந்து விட்டுக் கண்மணியை விரித்து நரம்பைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பார்வை கொஞ்ச நேரம் மங்கும், அன்றைக்கு பைக் எடுக்காமல் பஸ்ஸில் போகட்டும்.

அன்புடன்,
அப்பா