காசு எந்த நாட்டுதுன்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வெளிநாட்டு முதலீடு இத்தனை கோடின்னு பெரிய எழுத்துல போடுறீங்க, சந்தோஷம், ஆனா அது எந்த நாட்டுக் காசுன்னும் ரெண்டு வரி எழுதுங்க, ஏன்னா வர்ற கம்பெனி இங்க எப்படி நடந்துக்கும்ங்கறது பாதி அதோட சொந்த ஊர்லயே முடிவாயிடுது. வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் குடுத்தா குற்றம்னு அமெரிக்கா 1977லயே சட்டம் போட்டுருச்சு, ஜெர்மனியில 1999 வரைக்கும் அந்த லஞ்சத்த செலவுக் கணக்குல காட்டி வரியைக் குறைச்சுக்கலாம். ரெண்டு பேரும் நம்ம ஆபீஸ் வாசல்ல நின்னா ஒரே மாதிரியா பேசியிருப்பாங்க?

காசு எந்த நாட்டுதோ, அதைப் பொறுத்து கூட வர்றதும் மாறும். கொரியா கார் கம்பெனி ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தப்ப பார்ட்ஸ் செய்யுற கொரியா கம்பெனிங்களும் பின்னாடியே வந்துச்சு, பொண்ணு கூட சீர்வரிசை வந்த மாதிரி.

மொரீஷியஸ் கதையே வேற. அந்தத் தீவு வழியா முதலீடு பண்ணா, பங்கை வித்த லாபத்துக்கு இங்க வரி கிடையாதுன்னு ரெண்டு நாட்டுக்கும் ஒரு வரி ஒப்பந்தம் இருந்துச்சு; அதை வச்சு ரொம்ப வருஷம் அந்தக் குட்டித் தீவுதான் நம்ம முதலீட்டு லிஸ்ட்ல முதலிடம், 2016ல ஒப்பந்தத்தைத் திருத்தினாங்க. பேருதான் மொரீஷியஸ், உள்ள காசு யாருதோ!

எங்க கடலூர்ல கெமிக்கல் ஆலைங்க பக்கம் காத்து திரும்புனா ராத்திரி ஜன்னலைச் சாத்தணும், துணி காயப்போட்டா கூட நாறும். அதனால கேக்குறேன், அடுத்த தடவை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது உங்க நிருபர் ஒரே கேள்வி கேக்கட்டும்: இதே புகையை உங்க நாட்டுல விட்டா எவ்வளவு அபராதம் சார்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்